மிசாகோவின் இடது பக்கப் புடைப்பு

தன் பெயர் சொல்ல இருக்கும் ஒரே காரியம் தவறு என்று தெரிந்துவிட்டால், அதை முதலில் யாரிடம் சொல்வது? மசுயோ ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் என்ன செய்தார் என்பதைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

ஷிசுவோக்கா நகரத்தில் விமான மாதிரிகள் செய்யும் ஒரு கம்பெனியில் மசுயோ வேலை பார்த்தார். பதினெட்டு வயதில், கம்பெனி இன்னும் மரத்தில் மாதிரி வெட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே, வரைபடங்களை மெல்லிய தாளில் படியெடுக்கும் பெண்ணாகச் சேர்ந்தார். பிறகு பிளாஸ்டிக் வந்தது. படியெடுத்தவர் மெதுவாகத் தானே வரைபவரானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பென்சில் சீவவே நேரமில்ல, இதுல புருஷன் வேறயா?" என்பார்.

அவர் பெயர் சொல்ல இருந்த காரியம், மிசாகோ என்ற போர் விமானத்தின் மாதிரி. விராலடிப்பான் என்கிற மீன்பிடிப் பருந்தின் பெயரை வைத்த விமானம். போரின் கடைசி வருடத்தில் சோதனைக்காக ஒன்றே ஒன்று செய்தார்கள். இரண்டு முறை பறந்தது. போர் முடிந்த அன்று மேலிடத்து உத்தரவுப்படி அதையும் அதன் வரைபடங்களையும் சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒரு புகைப்படம்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரி வரையும் வேலை 1971இல் மசுயோவிடம் வந்தது. அப்போது அவருக்கு முப்பத்துநான்கு வயது. சக்கரத்தின் டயர் வேறொரு விமானத்தில் போட்ட அதே டயர் என்பது தெரியும். அதன் விட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இறக்கை எத்தனை டயர், வால் எத்தனை டயர் என்று ஒவ்வொன்றாக அளந்தார். மூன்றாவது வாரம், பூதக்கண்ணாடிக்குக் கீழே, இன்ஜின் மூடியின் இடது பக்கத்தில் ஒரு சின்னப் புடைப்பைப் பார்த்தார். அதன் மேல் ஒரு முண்டு. பார்ப்பதற்குக் காற்றுப் போகிற துளையின் உதடு மாதிரி இருந்தது.

"கண்ணாடியத் தொடச்சுப் பாரும்மா, எச்சில் தெறிச்சிருக்கும்" என்றார் அப்போதைய வரைபடத் தலைவர்.

"எச்சிலுக்கு நிழல் விழுமா, ஐயா?"

தலைவர் குனிந்து பார்த்தார். நிழல் விழுந்திருந்தது. அதையும் வரையச் சொன்னார்.

புடைப்போடு மிசாகோ வெளிவந்தது. நீளம் மூன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர், அகலம் இரண்டு புள்ளி மூன்று. ஒரு அரிசி நொய் அளவுதான். ஆனால் அதற்கு முன் யாரும் அதைப் பார்த்ததில்லை. மாதிரி கட்டுபவர்களின் பத்திரிகை அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதியது. எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி அங்கே இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டியது. மற்றக் கம்பெனிகள் மிசாகோ செய்தபோது அவர்களும் அதே புடைப்பை வைத்தார்கள். கம்பெனிக்குள் மசுயோவுக்குப் "புடைப்பு அக்கா" என்று பெயர் விழுந்தது. கேலிதான். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களை அழைத்துவந்து, "இவங்கதான் மிசாகோவுல அதக் கண்டுபிடிச்சவங்க" என்று காட்டவும் செய்தார்கள். காட்டும்போதெல்லாம் மசுயோ தலையைக் குனிந்துகொண்டு பென்சில் சீவுவார். காது மட்டும் சிவக்கும்.

இருபத்தைந்து வருடம் ஓடியது. ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது அவரை உதிரிப் பாகப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் செய்முறைத் தாளின் ஓரத்தில் ஒரு அட்டை அச்சடித்திருக்கும். ஏதாவது ஒரு பாகம் உடைந்தாலோ தொலைந்தாலோ, அட்டையை வெட்டி, எண்ணை எழுதி, தபால்தலை வைத்து அனுப்பினால் அந்தப் பாகம் மட்டும் வீட்டுக்கு வரும். காரணம் எழுத இரண்டு வரி இடம் உண்டு. ஒன்றும் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் எல்லோரும் எழுதுவார்கள், பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"இதக் கேளுங்க" என்று பக்கத்து மேசை கியோமி வாசிப்பாள். கல்யாணமாகாத இளம்பெண், வாயில் எப்போதும் மிட்டாய். "'வால் சக்கரத்தப் பூனை முழுங்கிருச்சு. ரெண்டு நாள் காத்திருந்து பாத்தேன். வந்துச்சு. ஆனா ஒட்ட மனசு வரல.'"

"அனுப்பு, அனுப்பு. ரெண்டா அனுப்பு. அந்தப் பூனைக்கு ருசி தெரிஞ்சுபோச்சு."

அந்த ஏப்ரலில் கம்பெனி மிசாகோவைப் புதுசாகச் செய்ய முடிவெடுத்திருந்தது. பழைய அச்சு தேய்ந்துவிட்டது. அடுத்த வருடக் கண்காட்சியில் புது மாதிரியை வைக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை காலை வரைபடப் பிரிவின் தலைவர் குபோனிவா, நாற்பது வயதுக்காரர், புது வரைபடத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"மசுயோ-சான், இதுல கடைசிக் கையெழுத்து நீங்கதான் போடணும். உங்க விமானம். வெள்ளிக்கிழமைக்குள்ள போதும். அடுத்த திங்கள் காலையில அச்சுக்கு இரும்பு வெட்ட ஆரம்பிச்சுருவாங்க. அப்புறம் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது."

"புடைப்பு இருக்கா?"

"அது இல்லாமயா? இந்தத் தடவை ஓரமெல்லாம் கூர்மையா வரும். பெட்டிப் படத்துலயே தெரியும்."

அன்று பகல் தபாலில்தான் அந்த அட்டை வந்தது. பக்கத்துத் துறைமுக ஊரான யாய்சுவிலிருந்து தெராவோ ஃபுமி என்ற பெண் அனுப்பியிருந்தார். கேட்டிருந்த பாகம், இன்ஜின் மூடி, இடது. காரணத்துக்கான இரண்டு வரி போதாமல் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார்.

"உடையவில்லை. தொலையவில்லை. பசை கொட்டிப் பாழாக்கிவிட்டேன். இன்னொன்று வேண்டும். அந்த விமானத்தில் என் அப்பா மெக்கானிக்காக இருந்தார். மூடியின் மேல் இருப்பது அப்பாவின் சாப்பாட்டு டப்பா. அது கெடாமல் ஒட்ட வேண்டும் என்று பார்க்கிறேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

மசுயோ அட்டையை மூன்று முறை படித்தார். பிறகு மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, அளவுகோல்களுக்கு அடியில் வைத்து மூடினார்.

"என்ன எழுதியிருக்காங்க?" என்றாள் கியோமி.

"பசை கொட்டிருச்சாம்."

அது பொய் இல்லை. ஆனாலும் மீதி நாள் முழுக்க அவர் கியோமியின் பக்கம் திரும்பவில்லை.

செவ்வாய் போனது, புதன் போனது. எவளோ ஒருத்தி எதையோ நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள் என்று ஒரு நேரம் தோன்றியது. அந்த முண்டு ஒரு கயிற்று முடிச்சாக இருந்தால் எப்படி இருக்கும் என்று அடுத்த நேரம் தோன்றியது. தோன்றியதும் இழுப்பறையைத் திறந்து அட்டை இருக்கிறதா என்று பார்த்தார். அட்டையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கிழித்துப் போட்டால் முடிந்தது. அடுத்த வருடம் ஓய்வு. வழியனுப்பும் விருந்தில் குபோனிவா எழுந்து பேசுவார், அந்த நான்கு பக்கத்தைச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள் என்பதுகூட மசுயோவுக்குத் தெரியும். கியோமிதான் உளறியிருந்தாள்.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, இன்னொரு இன்ஜின் மூடியை உறையில் போட்டு, கைப்பையில் வெர்னியர் அளவுகோலையும் வைத்துக்கொண்டு யாய்சுவுக்கு ரயில் ஏறினார். தபாலில் போயிருக்க வேண்டிய பாகம். கால்மணி நேரப் பயணத்தில் நான்கு முறை இறங்கிவிடலாமா என்று நினைத்தாராம்.

தெராவோ ஃபுமி துறைமுகத்துக்குப் பின்னால் மீன் அப்பம் விற்கிற கடை வைத்திருந்தார். அறுபது வயது, ரப்பர் பூட்ஸ், ஊருக்கே கேட்கிற குரல்.

"கம்பெனியிலேருந்தா? இத்தனூண்டு பிளாஸ்டிக்கக் குடுக்கவா ஆளே வந்திருக்கீங்க? ஐயையோ, நான் ஏதோ தப்பா எழுதிட்டேன் போலிருக்கே!"

"இல்லீங்க. இந்தப் பக்கம் வர வேண்டியிருந்துச்சு."

"யாய்சுவுக்கு மீன் வாங்கத்தான் வருவாங்க. உக்காருங்க, கறுப்பு அப்பம் சூடா இருக்கு."

கடைக்குப் பின்னால் இருந்த அறையில், அப்பாவின் படத்துக்கு முன்னால், ஃபுமி ஒட்டிய மிசாகோ நின்றது. ஒரு இறக்கை தூக்கிக்கொண்டு நின்றது. மேல் பக்கம் முழுக்கப் பசை பட்ட விரல் ரேகை. மூடி உருகி இளித்துக்கொண்டிருந்தது.

"சிரிக்காதீங்க. வாழ்க்கையில முத தடவ ஒட்டுனேன். பொம்மைக் கடைய மூடுறாங்கன்னு உள்ள போனா, பெட்டியில மிசாகோன்னு எழுதியிருக்கு. அப்பா வாயிலேருந்து மட்டுமே கேட்ட பேரு. அவரு போயி நாலு வருசமாச்சு. அப்படியே அள்ளிக்கிட்டு வந்துட்டேன்."

"விமானத்தப் பத்தி நெறைய சொல்வாரா?"

"ஒரு வார்த்த பேசமாட்டாரு. சோத்தப் பத்தி மட்டும் சொல்வாரு. காலையில இன்ஜின ஓட்டிப் பாத்துட்டு நிறுத்தினா மூடி நல்லா சூடா இருக்குமாம். அந்தக் குளிர்ல, டப்பாவக் கயித்தால கட்டி மூடிமேல வச்சிருவாராம். மத்தியானம் எல்லாரும் ஐஸ்கட்டி மாதிரி சோத்தக் கடிச்சிக்கிட்டிருக்க, இவருக்கு மட்டும் ஆவி பறக்குமாம். ஒருநாள் படம் எடுக்க வந்திருக்காங்க. டப்பாவ எடுக்க மறந்துட்டாரு. படம் எடுத்தப்புறம்தான் அதிகாரி பாத்திருக்காரு. விட்டாரு ஒரு அறை. டப்பாவ எடுத்துட்டு மறுபடியும் ஒரு படம் எடுத்தாங்களாம்."

மசுயோவுக்கு மீதி தானாகவே விளங்கியது. சரியான படம் வரைபடங்களோடு கோப்பில் போயிருக்கும், கோப்போடு எரிந்திருக்கும். வேண்டாம் என்று தள்ளிய படத்தைப் புகைப்படக்காரர் தூக்கிப்போட மனமில்லாமல் வீட்டில் வைத்திருப்பார். அதுதான் பிழைத்துக் கம்பெனிக்கு வந்தது.

"அறை வாங்குனதுக்கு அப்புறமும் சோறு சூடாத்தான் இருந்துச்சும்பாரு, எங்கப்பா" என்று ஃபுமி சிரித்தார். "இருங்க, டப்பா இருக்கு."

அலுமினிய டப்பா. மூடியின் நடுவில், தினமும் சோற்றின் மேல் வைத்த உமேப் பழ ஊறுகாயின் புளிப்பு தின்று, குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. மசுயோ கைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். நீளத்தில் வைத்து நூற்று எழுபத்துமூன்று என்று படித்தார். அகலம் நூற்றுப்பத்து. உதட்டை அசைத்து நாற்பத்தெட்டால் வகுத்தார். மூன்று புள்ளி ஆறு. இரண்டு புள்ளி மூன்று.

"என்ன சொல்லுது உங்க இடுக்கி?"

"சரியா இருக்கு."

"சரியா இருந்தா ஏன் அழறீங்க?"

மசுயோ கைக்குட்டையைத் தேடினார். மங்கலான ஒரு படத்தை வைத்து, ஒரு டயரைப் பிடித்துக்கொண்டு, பார்க்காத ஒரு மனிதரின் சாப்பாட்டு டப்பாவை ஒரு மயிரிழை பிசகாமல் அளந்திருக்கிறார். என்ன பொருள் என்பதில்தான் ஏமாந்திருக்கிறார். அதை அவர் ஃபுமியிடம் சொன்னார். தான்தான் அதை வரைந்தவர் என்றும், அதை விமானத்தின் உறுப்பு என்றே இருபத்தைந்து வருடமாக நம்பியிருந்ததாகவும் சொன்னார். முதலில் சொன்னது அந்தக் கடைக்காரப் பெண்ணிடம்தான்.

ஃபுமி வாயைப் பிளந்தார். "அப்ப உங்களுக்கு அது டப்பான்னு தெரியாதா? தெரிஞ்சேதான் வச்சிருக்கீங்கன்னு இருந்தேனே. யாரோ ஒரு புண்ணியவான் எங்கப்பாவோட சோத்துக்குக்கூட ஒரு இடம் குடுத்திருக்கானேன்னு…"

பிறகு மசுயோவின் கையைப் பிடித்தார். மீன் வாசனையும் சூடும் உள்ள கை. "எடுத்துடாதீங்க. தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. யாருக்கு நட்டம்?"

மசுயோ டப்பாவை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தார். திரும்பி வந்த ரயிலில் ஒரு கட்டு மீன் அப்பம் மடியில் கனத்துக்கொண்டே வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, வரைபடப் பிரிவில் எல்லோரும் இருக்கும்போதே, அவர் அட்டையைக் குபோனிவாவின் மேசையில் வைத்தார். அது திங்கட்கிழமையே வந்ததையும் தான் ஒளித்து வைத்திருந்ததையும் சொன்னார். டப்பாவின் அளவையும் சொன்னார்.

குபோனிவா படித்தார். நிமிர்ந்து சுவரில் இருந்த பெரிய வரைபடத்தைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் படித்தார்.

"அப்படின்னா," என்றார் மெதுவாக, "இருபத்தஞ்சு வருசமா நாம ஒரு ஆளோட மத்தியானச் சாப்பாட்ட எண்ணெய்க் குளிர்விப்பான்னு வித்திருக்கோம்."

யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அவ்வளவுதான், அறையே உடைந்தது. ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எதிர்க் கம்பெனி அதைச் சிவப்பு வட்டம் போட்டு விளம்பரம் செய்ததை இன்னொருவர் ஞாபகப்படுத்தினார். மசுயோ கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். நான்கு நாளாக எதற்குப் பயந்தாரோ அந்தச் சிரிப்பு. ஆனால் அதில் முள் இல்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவருக்கு உறைத்தது. கடைசியில் அவர் வாயும் கோணியது.

சிரிப்பு அடங்கியதும் குபோனிவா குரலைத் தாழ்த்தினார். "ஒன்னு சொல்லட்டுமா? எல்லாரும் புடைப்போட வச்சிருக்காங்க. நாம மட்டும் மொழுக்குன்னு விட்டா, வாங்குறவன் நம்மளத்தான் தப்பும்பான். புடைப்பக் காணோம்னு அட்டை அட்டையா வரும். உங்க பேரும் போகும். நீங்க இதக் காட்டாமலே இருந்திருக்கலாம், மசுயோ-சான்."

"இருந்திருக்கலாம். நான் பாத்துட்டேனே."

"கையெழுத்து?"

"மூடி மொழுக்குன்னு இருந்தா போடறேன். விமானம் அப்படித்தான் இருந்துச்சு." பிறகு, வெட்கப்பட்டவர் போல, கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தாளை எடுத்தார். அதில் டப்பாவின் மூன்று பக்கத் தோற்றம் வரைந்திருந்தது. கயிறும் முடிச்சும் இருந்தன. "விமானி உருவத்தக் கோத்திருக்கற பிளாஸ்டிக் சட்டத்துல வலது மூலை காலியா இருக்கு. தனியா இதையும் வச்சா… வேணுங்கறவங்க வச்சுக்கலாம்."

"இத்தனூண்டயா? சட்டத்துலேருந்து வெட்டும்போதே பறந்துபோயிரும்."

"பறந்தா அட்டை போடட்டும். நானும் கியோமியும் எதுக்கு இருக்கோம்?"

குபோனிவா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூடியில இது என்ன புள்ளி?"

"ஊறுகாய் தின்ன ஓட்டை."

"அது வெட்ட முடியாது. ஊசிகூட நுழையாது."

"தெரியும். இருந்துச்சு, அதனால வரைஞ்சேன்."

குபோனிவா தாளைப் பெரிய வரைபடத்தோடு சேர்த்து ஊசி குத்தினார். புடைப்பின் கோடுகளை மசுயோ தன் கையாலேயே அழித்தார். அழிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ரப்பர்த் தூளைக் கையால் தள்ளிவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

செய்முறைத் தாளில் அந்தப் பாகத்துக்கு என்ன எழுதுவது என்பதில்தான் இழுபறி. ஆட்களின் பெயரை அச்சிடும் வழக்கம் கம்பெனியில் கிடையாது. மசுயோ அதிலும் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் அச்சானது இதுதான்: "டி-14. மெக்கானிக் தெராவோ அவர்களின் சாப்பாட்டு டப்பா. இன்ஜின் நின்ற நிலையில் வைப்பவர்கள் இடது மூடியின் மேல் ஒட்டலாம். பறக்கும் நிலையில் வைப்பவர்கள் ஒட்ட வேண்டாம்."

அச்சாகி வந்த முதல் தாளை அவர் தபாலில் அனுப்பவில்லை. யாய்சுவுக்குத் தானே கொண்டுபோனார். ஃபுமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "அவர்களின்" என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அவருடைய அப்பாவை யாரும் அப்படி மரியாதையாக எழுதி அவர் பார்த்ததில்லையாம்.

புது மிசாகோ அப்படித்தான் வந்தது. ஆனால் 1971இலிருந்து விற்ற பழைய மாதிரிகள் எங்கெங்கோ அலமாரிகளில் தூசி படிந்து நிற்கின்றன. அவற்றை மசுயோவால் திரும்ப வாங்க முடியாது. ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதவும் முடியாது. எனவே இதைப் படித்தவர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். யார் வீட்டிலாவது இடது பக்கம் நொய் அளவு புடைப்போடு ஒரு மிசாகோவைப் பார்த்தால், தவறு என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது யாருடைய சோறு, ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். கேட்டவர்களை அடுத்தவரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.